ஆள் பிரிப்பது யார்?

2004, 2005 வாக்கில் தமிழ்நாட்டில் கல்லூரி இருந்த தெருவில் எல்லாம் ஒரு பிரவுசிங் சென்டரும் இருந்தது. முன்பக்கம் தேர்வு முடிவு பார்க்க வந்தவர்களும் ரெசியூம் அடிக்க வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் எட்டோ பத்தோ சிஸ்டங்களை லேனில் கோத்து வைத்து கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடும். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து காசு. ஆனாலும் முதல் பத்து நிமிஷம் ஒரு தோட்டாகூடச் சுடாமல் கழியும். யார் எந்தப் பக்கம் என்ற பஞ்சாயத்து.

"நீயும் அவனும் ஒரே டீம்னா நாங்க ஆடல." இப்படித்தான் தொடங்கும். நன்றாக ஆடும் இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் போயாக வேண்டும், எழுதாத சட்டம். பிறகு அவர்கள் இருவரும் மாறி மாறி ஆள் எடுப்பார்கள். கடைசியில் ஒருவன் மிஞ்சுவான். அவன் முகத்தைப் பார்க்காமலே பேரம் நடக்கும்: "இவனையும் நீயே வச்சுக்கோ, அதுக்குப் பதிலா ஜன்னலோர சிஸ்டம் உனக்கு." ஜன்னலோர சிஸ்டத்தில் ஆப்டிகல் மவுஸ். மூலையில் இருந்ததில் உருண்டை வைத்த பழைய மவுஸ், அதுவும் அழுக்கேறி இழுத்த பக்கம் வராது. கெட்டிக்காரனை மூலையில் உட்காரவைத்து அணிகளைச் சமன் செய்ததும் உண்டு. ஆட்டம் 8-1 என்று போய்விட்டால் நடுவிலேயே "மாத்து, மாத்து" என்று குரல் எழும். யாராவது பக்கம் தாவுவார்கள். ஆள் ஒற்றைப்படையில் வந்தால் கல்லாவில் இருக்கும் அண்ணனே ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்துவிடுவார்.

இந்த வித்தையை யாரும் கணினியில் கற்கவில்லை. தெருவில் சடுகுடு ஆடும்போது உத்தி பிரித்த வழக்கம்தான். ஏறக்குறைய ஒரே பலமுள்ள இருவர் ஜோடி சேர்ந்து, தோளில் கைபோட்டுக்கொண்டு தள்ளிப் போய், ஆளுக்கொரு பெயரை ரகசியமாக வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். ஒருவன் சூரியன், ஒருவன் நிலா என்று வையுங்கள். தலைவர்களில் ஒருவன் ஏதாவது ஒரு பெயரைக் கேட்பான். அந்தப் பெயருக்கு உரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். திறமையைச் சரிபாதியாகப் பங்கிட்டுவிட்டு மிச்சத்தை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்கும் முறை. யாருக்கு யார் ஜோடி என்பதை ஆடுகிற பிள்ளைகளே முடிவு செய்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆடத் தெரியாத தம்பியோ தங்கையோ அடம்பிடித்தால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை; எந்தப் பக்கத்துக்கும் நட்டமில்லை.

அந்த நாளில் கணினிக்கும் சமம் என்றால் என்னவென்று கொஞ்சம் தெரிந்திருந்தது. தலையை எண்ணும் அளவுக்கு. இரு பக்கத்துக்கும் ஆள் வித்தியாசம் இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று கவுன்டர் ஸ்ட்ரைக் சர்வரில் ஓர் அமைப்பு உண்டு. கூடினால் யாரையாவது தூக்கி அந்தப் பக்கம் போடும். ஐந்துக்கு ஐந்து இருந்தால் அதற்குத் திருப்தி. அந்த ஐவரில் ஒருவன் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுத் தினமும் வருகிறவன், இன்னொருவன் இன்றைக்குத்தான் மவுஸைத் தொட்டவன் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இணையத்தில் ஆடியவர்களுக்கும் கதை இதேதான். 1996இல் குவேக் வந்த காலம் தொட்டு, ஆட வருகிறவர் முன்னால் ஒரு பட்டியல் விரியும்: சர்வரின் பெயர், ஓடும் மேப், உள்ளே எத்தனை பேர், சர்வரை எட்டும் தாமதமான பிங் எவ்வளவு. பார்த்து ஒன்றில் நுழைய வேண்டும். ஒரே சர்வருக்கு வாடிக்கையாகப் போகிறவர்கள் இருந்தார்கள். நடத்துகிறவருக்கு அவர்களைத் தெரியும். வாய் நீண்டவனை வெளியே தள்ளுவார். ஆட்டம் ஒருதலையாகிப் போனால் அணிகளைக் கலைத்துப் போடுவார். நம் ஊரில் அதற்கெல்லாம் இணைய வேகம் போதாது, அதனால்தான் லேன்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை அடுத்தவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். புதியவன் சுற்று தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடுவான். மீதி நேரமெல்லாம் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பான். பலர் மறுபடி வரவில்லை. வராமல் போனவர்கள் யாரும் நினைவுக் கட்டுரை எழுதுவதில்லை. வந்து நிலைத்த எங்களைப் போன்றவர்கள்தான் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறோம். அந்த பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தலையை எண்ணிக்கொண்டிருந்த கணினி திறமையை எண்ணும் பாடத்தைச் சதுரங்கத்திடம் படித்தது. செய்தித்தாளில் குகேஷ், பிரக்ஞானந்தா பெயர்களுக்குப் பக்கத்தில் வரும் நான்கு இலக்க எண்ணை எல்லோரும் பார்த்திருப்போம். ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயற்பியல் கற்பித்த ஆர்பாட் ஈலோ வகுத்த முறை அது. அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் அதை ஏற்றுக்கொண்டன. இரண்டு பேருக்கு இடையே 200 புள்ளி வித்தியாசம் என்றால், நூறு ஆட்டத்தில் மேலே இருப்பவர் ஏறக்குறைய 76 புள்ளி எடுப்பார் என்று அது எதிர்பார்க்கும். எதிர்பார்த்ததற்கு மேல் ஆடினால் எண் ஏறும். கீழே போனால் இறங்கும். எளிமையான, நேர்மையான முறை. ஆனால் சதுரங்கப் பலகையில் தோற்றால் தோற்றது நீங்கள்தான். கைகாட்ட அருகில் ஆளில்லை. நான்கு பேர் சேர்ந்து தோற்றால் யார் எண்ணை எவ்வளவு குறைப்பது என்ற கேள்விக்கு ஈலோவின் முறையில் நேரடியான பதில் இல்லை.

2004 நவம்பரில் எக்ஸ்பாக்ஸில் வந்த ஹேலோ 2 சர்வர் பட்டியலைக் கண்ணிலேயே காட்டவில்லை. எந்த வகை ஆட்டம் வேண்டும் என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினால் போதும். உங்கள் நிலைக்கு ஏற்ற ஆட்களைத் தேடிப்பிடித்து அதுவே உட்கார வைத்தது. நிலைகள் 1 முதல் 50 வரை. அடுத்த ஆண்டு எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது ட்ரூஸ்கில் என்ற புதிய கணக்குமுறையும் கூடவே வந்தது. கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரால்ஃப் ஹெர்பிரிக், டாம் மின்கா, தோரே கிரேப்பல் ஆகிய மூவரும் உருவாக்கியது. இதில் ஒருவருக்கு ஓர் எண் அல்ல, இரண்டு. இவர் திறமை இவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீடு ஒன்று. அந்த மதிப்பீட்டில் எவ்வளவு சந்தேகம் என்பது மற்றொன்று. புதியவர் 25இல் தொடங்குவார், சந்தேகம் எட்டுக்கு மேல் இருக்கும். ஆட ஆட அந்தச் சந்தேகம் சுருங்கும். அணியின் திறமை? அதில் இருப்பவர்களின் திறமைகளைக் கூட்ட வேண்டியதுதான்.

ஆள்சேர்ப்பு பற்றிய இன்றைய புலம்பலில் பெரும்பகுதி இந்தக் கூட்டலில் ஊற்றெடுக்கிறது. 40ஐயும் 10ஐயும் கூட்டினால் 50. 25ஐயும் 25ஐயும் கூட்டினாலும் 50. கணக்கைப் பொறுத்தவரை இரண்டும் சம அணிகள், வெற்றி வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் அந்த 40க்கு ஆட்டம் முழுக்கத் தான் ஒருவனே இருவரோடு மல்லுக்கட்டுவதாகத் தோன்றும். அது பொய்யும் அல்ல. அந்த 10 எதிரிகளிடம் அடிவாங்கி, தன் கூட்டாளியிடம் திட்டும் வாங்குவான். எதிரில் இருக்கும் இரண்டு 25களுக்கு மட்டும்தான் அது நல்ல ஆட்டம்.

இவ்வளவு அகலமான ஜோடியைக் கணினி கூடியமட்டும் தவிர்க்கத்தான் பார்க்கிறது. ஆனால் நள்ளிரவு தாண்டி ஆள் குறைந்துவிடும். நண்பர்கள் சேர்ந்தே வந்தால் அவர்களைப் பிரிக்க முடியாது. சமமானவர் வேறு நாட்டில் இருந்தால், அவரைச் சேர்த்ததும் பிங் ஏறி, சுட்ட குண்டு தாமதமாகப் போய்ச் சேரும். தூரம், காத்திருப்பு, திறமை மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. மூன்றையும் ஒருசேரக் கொடுக்கும் அளவுக்கு எல்லா நேரமும் ஆட்கள் நிறைந்திருக்கும் ஆட்டம் எதுவும் இல்லை.

ஒருவரின் திறமையை ட்ரூஸ்கில் அடையாளம் காணக் குறைந்தது எத்தனை ஆட்டம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் ஒரு பட்டியல் கொடுத்தது. ஒருவருக்கு ஒருவர் மோதினால் 12. நால்வர் அணிகள் இரண்டு மோதினால் 46. எண்மர் அணிகள் என்றால் 91. கூட்டாளிகள் கூடக்கூட, வெற்றியில் உங்கள் உழைப்பு எவ்வளவு, ஓசியில் வந்தது எவ்வளவு என்று பிரித்தறிவது அவ்வளவு கடினமாகிறது. பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கு அரைமணி நேரம் போதும். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிடுவார். கணினிக்கு நெடுநாள் வரை தெரிந்ததெல்லாம் ஜெயித்ததா தோற்றதா என்பதுதான். 2018இல் வெளியான ட்ரூஸ்கில் 2 இந்தக் குறையைக் கையில் எடுத்தது. எத்தனை பேரைச் சுட்டார், பாதியில் ஓடிப் போகிறவரா, எவ்வளவு காலமாக ஆடுகிறார், நண்பர்களோடு வந்தாரா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தது. ஹேலோ 5 ஆட்டங்களின் முடிவை அது 68 விழுக்காடு சரியாகச் சொன்னது. பழைய முறை சொன்னது 52. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அத்தனை ஆண்டுகளாக இயந்திரத்தைத் திட்டியவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றெரிச்சலில் திட்டவில்லை என்பது இந்த இரண்டு எண்ணில் தெரிகிறது.

அதற்குள் பழைய வாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2009இல் கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 கணினிப் பதிப்பில் தனி சர்வர்கள் இல்லை என்றதும், புறக்கணிப்போம் என்று முழங்கியவர்கள் ஏராளம்; ஆட்டம் அமோகமாக விற்றது. டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆட்டத்தில் சட்டென்று ஏதாவது சர்வரில் நுழையும் பழைய வழியை 2016இல் எடுத்துவிட்டு வரிசையில் நிற்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இப்போது ஆட உட்கார்கிறவருக்குப் பட்டியல் என்ற ஒன்று இருந்ததே தெரியாது. பொத்தானை அழுத்துகிறார், ஒரு வட்டம் சுற்றுகிறது, ஆட்கள் வந்து விழுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. இயந்திரம் எவ்வளவு சரியாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு எல்லோரும் பாதி ஆட்டத்தில் தோற்பார்கள். அன்று கைதேர்ந்தவன் பத்துக்கு எட்டு ஜெயித்தான். தான் தேறிவிட்டோம் என்பது அவனுக்கே கண்கூடாகத் தெரிந்தது. இன்று நீங்கள் ஒரு படி தேறினால் எதிரிகளும் ஒரு படி தேறியவர்களாக வருவார்கள். மறுபடியும் பாதி. முன்னேற்றத்துக்குச் சாட்சி பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னம் ஒன்றுதான். பிஜிஎம்ஐ என்ற மொபைல் ஆட்டத்தில் வெண்கலத்தில் தொடங்கி சில்வர், கோல்டு என்று ஏறி கான்கரர் வரை போகும் படிகளுக்காகப் பிள்ளைகள் விடிய விடிய "ரேங்க் புஷ்" செய்வது வேறு எதற்கு? அந்தச் சின்னம் ஒரு படி இறங்கினால் தேர்வில் தோற்ற மாதிரி முகம் தொங்கிப் போகிறது.

தோல்விக்குக் காரணம் வேண்டும் அல்லவா? எதிரி உங்களுக்குச் சமமானவன் என்று இயந்திரமே சொல்லிவிட்டது. நீங்கள் நன்றாகத்தான் ஆடினீர்கள். மிச்சம் இருப்பது கூட்டாளி. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆடுகிறவர்கள் ஈலோ நரகம் என்று ஓர் இடத்தையே கற்பித்து வைத்திருக்கிறார்கள்: நான் உயர்ந்த படிக்கு உரியவன், மட்டமான கூட்டாளிகள் காலைப் பிடித்து இழுப்பதால் கீழே கிடக்கிறேன் என்று நம்புகிறவர்கள் வாழும் இடம். யோசித்துப் பார்த்தால் எதிரணியிலும் அதே வாய்ப்பில் அதே மாதிரி மட்டமானவர்கள் வரத்தானே வேண்டும். எல்லா ஆட்டத்திலும் மாறாமல் இருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். நீண்ட ஓட்டத்தில் எண் உங்களைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் இன்றிரவு ஆடப்போகும் மூன்று ஆட்டத்துக்கு நீண்ட ஓட்டம் என்பது என்ன ஆறுதல்?

முன்பின் தெரியாத கூட்டாளியை இப்போது ரேண்டம் என்கிறார்கள். "ரேண்டம் கூடப் போனேன், ரேங்க் போச்சு" என்பது அன்றாடப் பேச்சு. அன்றும் கூட்டாளியைத் திட்டினோம், சந்தேகமில்லை. திட்டுக்கு ஒரு வரம்பு இருந்தது. அவன் வண்டியில்தான் வீடு திரும்ப வேண்டும். அவனுக்கு எந்த மூலையில் பதுங்க வேண்டும், எந்தக் கதவில் முதலில் குண்டு வீச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு நமக்கே பயன். அவன் நாளைக்கும் வருவான். இந்த ரேண்டம் இன்னும் இருபது நிமிஷத்தில் காணாமல் போய்விடுவான். அவனுக்குப் பாடம் எடுப்பதில் யாருக்கு என்ன லாபம்? பழைய கால் ஆஃப் டியூட்டியில் ஆட்டம் முடிந்தாலும் ஆட்கள் கூடியிருக்கும் லாபி கலையாது. உங்களை அடித்தவனை அடுத்த ஆட்டத்தில் பழிவாங்கலாம், அல்லது அவனோடு நட்பாகலாம். 2019இல் வந்த மாடர்ன் வார்ஃபேரில் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் எல்லோரையும் பிரித்து அனுப்பிவிட்டு, புதிதாகக் கணக்குப் போட்டுப் புதிய ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் சமநிலை கூடியது. ஒரு முகமும் மனதில் நிற்கவில்லை. என்னைக் கேட்டால் திறமை அடிப்படையிலான ஆள்சேர்ப்பின் மீது சொல்லப்படும் குற்றங்களில் பாதி இந்த லாபிக் கலைப்பின்மேல் சொல்லப்பட வேண்டியவை. சமமான எதிரி யாருக்கும் பிரச்சினை இல்லை. மறுநாள் இல்லாத கூட்டாளிதான் பிரச்சினை.

வேலரன்ட் ஆடும் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். மும்பை சர்வரில் அவனோடு வந்து விழும் நால்வர் டெல்லியிலோ புனேயிலோ இருப்பார்கள். பேச்சு முழுக்க இந்தியில் ஓடும். இவன் சொல்வது அவர்களுக்கும் அவர்கள் சொல்வது இவனுக்கும் எட்டுவதற்குள் எதிரி குண்டைப் பொருத்திவிடுவான். அதனால்தான் உள்ளே வந்ததும் மைக்கைத் திறந்து "ப்ரோ, தமிழா?" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்ப்பது. இயந்திரம் பிங்கைப் பார்க்கிறது, திறமையைப் பார்க்கிறது. ஐந்து பேர் கூட்டாக ஆட வேண்டிய ஆட்டத்தில் ஐவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பெண்கள் இன்று வரிசையில் இருக்கிறார்கள், அது பெரிய மாற்றம். ஆனால் மைக்கைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதும் என்னவெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது என்று ஆடுகிற பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். பலர் மைக்கை மூடியே வைத்திருக்கிறார்கள்.

எளியவனை வலியவனிடமிருந்து காப்பாற்றுவதில் இன்றைய ஏற்பாடு அன்றையதைவிடப் பல மடங்கு மேல் என்பதை மறுக்க முடியாது. ஃபோர்ட்நைட் 2019இல் திறமை பார்த்து ஆள் சேர்க்கத் தொடங்கியபோது, புதியவர்கள் நடுவில் கணினியே இயக்கும் பொம்மை வீரர்களையும் கலந்துவிட்டது. மொபைல் ஆட்டங்களின் கீழ்ப்படிகளில் "பாட் லாபி" எல்லோருக்கும் பழகிய விஷயம். முதல் நாளே பத்துப் பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டு நான் புலி என்று அம்மாவிடம் போய்ச் சொல்லும் பையனுக்கு, அவன் சுட்டதில் பாதி பேர் ஆளே இல்லை என்று யார் சொல்வது? சப்பாணிக்குத் தான் சப்பாணி என்று தெரியும். இவனுக்குத் தெரியாது.

ஏற்பாடு எதுவானாலும் அதை ஏய்க்க ஆள் உண்டு. 1996 வாக்கில் வார்கிராஃப்ட் 2 ஆடிய இருவரின் திறமையைப் பார்த்து மற்றவர்கள் அவர்களோடு ஆட மறுத்தார்கள். இருவரும் ஸ்மர்ஃப் கார்ட்டூன் பாத்திரங்களின் பெயரைப் போட்டுக்கொண்டு புதியவர்கள் மாதிரி வந்து எல்லோரையும் வென்றார்கள். அன்று அது குறும்பு. இன்று புதிய கணக்குத் தொடங்கிக் கீழ்ப்படியில் இறங்கி வேட்டையாடும் ஸ்மர்ஃப்கள் இந்தக் கணக்குமுறைக்கே பகை. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் கணக்கை மேலேற்றிக் கொடுப்பதும் ஒரு தொழில். 2023 செப்டம்பரில் டோட்டா 2 ஆட்டத்தில் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகளை வால்வ் நிறுவனம் முடக்கியது. அந்த ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால் இருந்த உண்மையான கணக்கு எது என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தது.

ஆடுகிறவர்களிடமே அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்த ஒரு சம்பவமும் உண்டு. 2016இல் ஓவர்வாட்ச் வெளியானபோது, இவரோடு இனி என்னைச் சேர்க்காதே என்று சொல்ல ஒரு வசதி இருந்தது. வாய்த்துடுக்கு உள்ளவர்களை ஒதுக்குவதற்காக வைத்தது. விடோமேக்கர் பாத்திரத்தில் தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுவதில் உலக அளவில் கைதேர்ந்த ஒருவர், தனக்கு ஆட்டம் கிடைக்க நெடுநேரம் ஆகிறது என்று முறையிட்டார். பார்த்தால், அவரை எதிர்த்து ஆட விரும்பாத பலர் அவரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர் யாரையும் ஒரு வார்த்தை திட்டியவர் இல்லை. நன்றாக ஆடினார், அவ்வளவுதான். வெளியான அடுத்த மாதமே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். "நீயும் அவனும் ஒரே டீம்னா நாங்க ஆடல" என்ற அதே குணம்தான். நேருக்கு நேர் என்றால் ஏதாவது பேரம் பேசி அவனை மூலை சிஸ்டத்தில் உட்கார வைக்கலாம். முகம் தெரியாத பலர் ஒருவனை ஒதுக்கினால் அவனுக்குப் பேச இடமே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு காசைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சமமான ஆட்டம்தான் ஆளைத் தக்க வைக்கும் என்பது எப்போதும் உண்மையல்ல. ஆள் விலகிப் போகாமல் இருக்கும்படி சேர்ப்பதையே இலக்காக வைக்கலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் கால் ஆஃப் டியூட்டியை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது: புதியவனைக் கைதேர்ந்த ஒருவனோடு சேர்த்துவிட்டால், அவன் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பார்த்து இவனுக்கும் வாங்கத் தோன்றும் என்று அதில் எழுதியிருந்தது. அது ஆராய்ச்சிக்காகச் செய்தது, எந்த ஆட்டத்திலும் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. இருக்கட்டும். தெரிந்தவனோடு தெரியாதவனைச் சேர்த்துவிடுவது ஆட்டம் கற்பிக்க என்றிருந்தது; கடை காட்டுவதற்கும் அது உதவும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

திறமை பார்த்து ஆள் சேர்ப்பதை நிறுத்து என்று பத்து ஆண்டுகளாகக் கத்துகிறவர்கள் பெரும்பாலும் யூடியூபிலும் ட்விட்சிலும் ஆடிக் காட்டுகிறவர்கள். பார்க்கிறவர்களைக் கவர அவர்களுக்கு ஏமாளி எதிரிகள் வேண்டும். அந்த ஏமாளிகளுக்கு யூடியூப் சேனல் கிடையாது. 2024 ஜூலையில் ஆக்டிவிஷன் ஓர் அறிக்கை வெளியிட்டது. கால் ஆஃப் டியூட்டி ஆடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்குத் திறமையின் எடையைச் சத்தமில்லாமல் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். மேலே இருந்த 10 விழுக்காட்டினர் மட்டும் கூடுதலாக ஆட வந்தார்கள். மற்ற 90 விழுக்காட்டினரிடம் திரும்பி வருகிறவர்கள் குறைந்தார்கள். அறிக்கை எழுதியவர்களே கடைக்காரர்கள் என்பதை மறக்க வேண்டாம். இருந்தாலும் பிரவுசிங் சென்டரில் நாங்கள் கண்ணால் பார்த்ததும் இதேதான்: அடிவாங்கிக்கொண்டே இருப்பவன் ஒரு நாள் வராமல் போவான். சாதாரண ஆட்டத்தில் திறமை பார்க்க மாட்டோம் என்று விளம்பரப்படுத்தி 2024 மே மாதம் வந்த எக்ஸ்டிஃபையன்ட் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மூடுவிழா அறிவித்து, 2025 ஜூனில் நின்றுபோனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்த வாக்குறுதி அதைக் காப்பாற்றவில்லை.

அந்த ஆக்டிவிஷனே 2025 நவம்பரில் கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 7 வெளியிட்டபோது, திறமையை மிகக் குறைவாகப் பார்க்கும் ஆள்சேர்ப்பை இயல்பாக்கி, பழைய முறையை ஒரு தனிப் பிரிவில் வைத்தது. ஆட்டம் முடிந்தாலும் கலையாத லாபியையும் திரும்பக் கொண்டுவந்தது. முதலாவது எனக்கு உவப்பானது அல்ல; 90 விழுக்காடு என்று எழுதிய கை அதற்குள் எதை மறந்தது என்று தெரியவில்லை. இரண்டாவதற்கு மட்டும் கை தட்டலாம்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேலரன்ட்டில் இருக்கும் ஒரு சின்ன விதி. ரேங்க் ஆட்டத்துக்குத் தனியாக வரலாம்; இருவராக, மூவராக, ஐவராகவும் வரலாம். நால்வராக வர முடியாது. நால்வர் வந்தால் ஐந்தாவதாக ஒரு ரேண்டம் போய்ச் சேர வேண்டும்; ஏற்கெனவே பழகிய நால்வர் நடுவில் அவன் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்தது. தோற்றால் பழி அவன்மேல், ஜெயித்தால் பெருமை அவர்களுக்கு. திறமைக் கணக்கில் அந்த அணி எவ்வளவு சமமாக இருந்தாலும் அந்த ஒருவனுக்கு அது நியாயமான ஆட்டமாக இருக்காது என்று உணர்ந்து, கதவையே சாத்திவிட்டார்கள். ஐவராக வந்தால் எந்தப் படியில் இருப்பவரையும் கூட்டி வரலாம், படி வித்தியாசம் அதிகமானால் புள்ளி வெட்டுப்படும், அவ்வளவுதான். ஆகவே நான்கு நண்பர்கள் சேர்ந்தால் இப்போது இரண்டே வழி: ஒருவனைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் டிஸ்கார்டில் ஐந்தாவது ஆளைத் தேட வேண்டும். தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ரேங்க் அல்ல. மைக் இருக்கிறதா, தமிழ் பேசுவாயா, நாளைக்கும் வருவாயா என்றுதான்.